உன் அம்மாவின் புத்தகமும் ஒரு வரிசை ரோஜாவும்

பாகலூர்,
ஜனவரி 30.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும், என் இடது முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நலமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை சிவராஜும் அந்த ஊர்க் குளிரிலும் மழையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், நான் ஒன்று சொன்னால் அதைத் திருத்துகிறாள், எழுத்தாளர் ஆன பிறகு திருத்தியதையும் திருத்துகிறாள், இதில் நான் எங்கே பேசுவது. ராமப்பன் மகன் அடுத்த வாரம் டப்ளினுக்குத் திரும்புகிறான், அவனிடம் கேழ்வரகு மாவும் நீ கேட்ட கொள்ளுப்பொடியும் அம்மாவின் புத்தகம் ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதத்தை மாவுப் பைக்கு அடியில் வைத்திருக்கிறேன், இது அவளுக்குத் தெரியாது. பொங்கலன்று அவள் புத்தகத்தைப் போனில் காட்டியபோது நீ, எத்தனை பக்கம்மா, இவ்வளவுதானா என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அவளும் சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள், அதில் பாதி காலையிலேயே துலக்கிக் கவிழ்த்த பாத்திரம். அவள் இதை உன்னிடம் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அந்த இவ்வளவுக்குள் என்ன இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அயர்லாந்துக்குப் போன வருஷம்தான் அவள் எழுத ஆரம்பித்தாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றாள், ஒரு பசுமாடு வாங்கலாமா என்று கேட்டேன், அவள் பேனா வாங்கிக்கொண்டாள். அவள் டீச்சராக இருந்த அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு வாயால் சொன்ன கதைகளைத்தான் எழுதினாள். அந்தப் பிள்ளைகளை நீ பார்த்திருக்கிறாய், பாதிப் பேர் நம்முடைய ஷெட்டிலும் பக்கத்து ரோஜா ஷெட்டுகளிலும் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள், மீதிப் பேர் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும், ஒரு இடத்தில் உட்காரமாட்டார்கள், இவள் கதை சொன்னால் மட்டும் உட்காருவார்கள். முதலில் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பினாள். பதிலே இல்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலாவது அந்த ஆளைத் திட்டியிருக்கலாம், ஒன்றும் எழுதாதவரை எப்படித் திட்டுவது. இன்னொரு இடத்தில் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நீதி எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் கதையில் வருகிற ரோஜாவுக்குப் பதிலாகச் சிங்கம் வைக்க முடியுமா, சிங்கம் என்றால் பெற்றோர் வாங்குவார்கள் என்றார். பாலித்தீன் கூரை போட்ட பூ ஷெட்டுக்குள் சிங்கத்தை எங்கே நிறுத்துவது என்று நான் கேட்டேன், அவள் சிரிக்கவில்லை. தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், அங்கே உன் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கொழந்தைங்க கதைதானே, எழுதட்டும் எழுதட்டும், கை பழகினதும் பெருசா எழுதுவா" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள், நான் என்ன செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் கதையை எடுத்துக்கொண்டது. அங்கே பொற்கொடி என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள், அவள்தான் கதையைப் பார்த்துச் சரிசெய்கிறவள். எடுத்துக்கொண்டார்கள் என்றதும் நாளைக்கே அச்சாகிவிடும் என்று நினைத்து நான் ஓசூர் போய் மைசூர்பாகு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தேன். அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் புத்தகம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள், அந்த மைசூர்பாகுக்கு நான் பதில் சொல்லியே களைத்துவிட்டேன். இவள் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள், பொற்கொடி, படத்தில் தெரிவதை எழுத்தில் சொல்ல வேண்டாம்மா என்று சொல்லிச் சொல்லி, அரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நாம் ரோஜாவில் பக்கத்து மொட்டுகளைக் கிள்ளிவிட்டு ஒன்றைப் பெரிதாக விடுவதில்லையா, அதுபோலத்தான் இது என்று நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன், கிள்ளுகிறது யாருடைய மொட்டு என்று கேட்டாள். பேரிகை ஊர்த் திருப்பத்தில் பஸ் ஹாரன் அடிக்கிற ஒரு வரிக்காக ஒரு வாரம் சண்டை போட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்த வரி இல்லாவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை வெளியே சொல்லாமல் இருக்கிற அளவுக்கு எனக்குக் கல்யாண அனுபவம் உண்டு.

கதை இதுதான். ஒரு ஷெட் நிறைய ரோஜா, எல்லாம் விமானம் ஏறி வெளிநாடு போகப்போகிற பூக்கள். அதில் ஒன்றுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை, பார்த்துவிடுகிறது. அதைப் பெட்டியில் வைக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். வேலை முடிந்து போகிற நாகம்மாள் அதை எடுத்துத் தலையில் செருகிக்கொள்கிறாள், நம் ஷெட்டில் பூவைத் தரம் பிரிக்கிற அதே நாகம்மாள்தான், பெயரைக்கூட மாற்றவில்லை. மற்றப் பூக்கள் எதையும் பார்க்காமல் விமானத்தில் போய்விடுகின்றன, இது மட்டும் டவுன் பஸ்ஸில் ஏறி ஆடு, ஏரி, தக்காளி லாரி, சந்தை எல்லாம் பார்த்துக்கொண்டு பேரிகைக்குப் போகிறது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயத்தில் படங்கள் வந்தன. ராஜ்குமார் என்ற பையன் வரைந்தது, மாதக்கணக்கில் கையால் வண்ணம் தீட்டியிருந்தான், அப்படி ஒரு அழகு. ஆனால் ஷெட்டில் இருந்த அத்தனை ரோஜாவும் முழுசாக விரிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்த ஷெட்காரன் தலையில் துண்டுதான் என்றேன். உன் அம்மா முகம் செத்துவிட்டது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூட லீவில் நீயே மொட்டுகளுக்கு வலைக் குல்லாய் மாட்டியிருக்கிறாய், நம்மிடமிருந்து போகிற பூ குல்லாய்க்குள் மூடியேதான் போகும், விரிந்துவிட்டால் குப்பைக்குழி. கதையில் அந்தப் பூவை ஒதுக்கிவிடுவது, வெளியே பார்க்கிற ஆசையில் அது விரிந்துவிட்டதால்தான். எல்லாமே விரிந்திருந்தால் அதை மட்டும் எதற்கு ஒதுக்குகிறார்கள்? பொற்கொடியிடம் போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, சொன்ன பேச்சைக் கேட்காமல் எட்டிப்பார்த்ததற்குத் தண்டனை என்று அவர்கள் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். இவள் ஆடிப்போய்விட்டாள். பிள்ளைகளைப் பயமுறுத்துகிற கதையா நான் எழுதினேன் என்று கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாக, பூக்கள் மூடியிருக்கும் என்று நீங்கள் எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா என்றாள். தேடிப் பார்த்தோம். எந்த வரியிலும் இல்லை. மூன்று பக்கமாக இருந்தபோதும் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் நானும் படித்தேன், நாகம்மாளுக்கும் படித்துக் காட்டினாள், எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. சோறு வெந்திருந்தது என்று யாராவது எழுதுவார்களா, அந்த மாதிரி விட்டுவிட்டோம். ராஜ்குமார் மேல் ஒரு தப்பும் கிடையாது.

பொற்கொடி நியாயமாகத்தான் பேசினாள். இப்படியே அச்சிட்டால் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துவிடும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். திரும்ப வரைய வேண்டுமென்றால் ராஜ்குமார் கையில் வேறு வேலைகள் இருக்கின்றன, ஒரு வருஷம் தள்ளிப்போகும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றாள். இதில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கு அடுத்த ஏப்ரலோடு ஓய்வு இல்லையா. அந்த வருஷத்துப் பிள்ளைகளிடம் அவள், நம்ம கதை புத்தகமா வருது, நான் போறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவைத்திருந்தாள். அதற்காகத்தான் இவ்வளவு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். நான், விட்டுத்தள்ளு, சென்னையில் எவனுக்குத் தெரியப்போகிறது, பூ விரிந்தால் விரிந்துவிட்டுப் போகட்டும் என்றேன். "சென்னைக்குத் தெரியாதுங்க. நம்ம புள்ளைங்களுக்குத் தெரியுமே, அவங்கம்மாங்க கை வெச்ச பூவாச்சே" என்றாள். தப்பு என்னுடையது, காத்திருக்கிறேன் என்று பொற்கொடிக்குச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என்னிடம் வந்து, நான் முட்டாளாங்க என்று கேட்டாள். நான் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போய்விட்டேன்.

அந்த ராஜ்குமார் போன பிப்ரவரியில், காதலர் தின அறுவடை தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது, முன்னால் சொல்லாமல் வந்து நின்றான். எனக்கு எரிச்சல்தான். ஷெட்டுக்குள் ஒரு மூலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைந்தான், களியும் கீரைக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், கிளம்பும்போது உன் அம்மாவிடம், எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கிற மாதிரி இருக்கும்மா, நான் வேற என்னமோ வரைஞ்சிட்டேன் என்றான். நல்ல பையன். ஏப்ரலில் உன் அம்மாவுக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் புத்தகம் எங்கே டீச்சர் என்று கேட்டிருக்கிறார்கள், வரும் வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஜூனில் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள், இவள் வீட்டில் உட்கார்ந்தாள். காலையில் பழக்கத்தில் புடவை கட்டிக் கிளம்பி, வாசல் வரை போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் போனில் ரெஸ்ட் எடுக்கிறேன் என்று சொன்னதெல்லாம் அந்த நாட்களில்தான்.

போகிக்கு முன்னால் புத்தகம் வந்தது. உன் அம்மா சுகுணாவின் பெயர் அட்டையில், என் வாழ்நாளில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் பெயரும் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் அச்சானதில்லை. நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன், கை அழுக்கு படும் என்று பிடுங்கிக்கொண்டாள். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கிருந்த டீச்சரிடம் கேட்டு ஒன்றாம் வகுப்பில் படித்துக் காட்டப் போனாள். உள்ளதைச் சொல்கிறேன், அது சரியாகப் போகவில்லை. சாப்பாட்டுக்கு முந்தின நேரம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் யூனிபார்ம் போட்டு வளர்ந்திருந்தார்கள், ஒருவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான், ஒருத்தி இன்னிக்கு முட்டை உண்டா டீச்சர் என்று கேட்டாள், நம் ஷெட்டில் வேலை செய்கிற மஞ்சுளாவின் மகள் சைத்ரா, எப்போதும் முன்னால் வந்து உட்காருகிறவள், அவள்கூட மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஐந்து நிமிஷத்தில் கதை முடிந்தது, பெல் அடித்தது, தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "ஒரு வருஷம் காத்திருந்தேங்க. பூ மூடியிருக்கா தொறந்திருக்கான்னு ஒரு புள்ளைகூடப் பாக்கல" என்றாள். மீதிப் பிரதிகளை அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்தாள். பொற்கொடி அடுத்த கதை உண்டா என்று கேட்டபோது, இனி இல்லைம்மா, இது போதும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கண்ணு. பூ விலை விழுந்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

இப்போது இந்தத் திங்கட்கிழமை குடியரசு தினத்தன்று நடந்ததைச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அறுவடைக் காலம், எங்களுக்கு லீவு கிடையாது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி லட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அம்மாக்கள் ஷெட்டில் இருப்பதால் பிள்ளைகள் நேராக இங்கே வந்துவிட்டார்கள். நான் பூவைக் குளிரில் வைக்கிற கோல்டு ரூமில் பெங்களூர் ஏஜென்டோடு வாதாடிக்கொண்டிருந்தேன். நாகம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்து, "அண்ணா, பள்ளிக்கூடத்துப் பக்கத்து ஷெட்டை வந்து பாருங்க, கெட்டுது கதை" என்றாள். போய்ப் பார்த்தால், ஓரத்து வரிசையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு பூவுக்கும் குல்லாய் இல்லை. கழற்றியதை எல்லாம் நடைபாதையில் ஒழுங்காகக் குவித்துவைத்திருந்தார்கள். ஷெட்டின் பக்கவாட்டுத் திரையையும் சுருட்டி மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள், வெயில் நேராகப் பூ மேல் அடிக்கிறது. சைத்ராவும் அவள் கூட்டாளிப் பெண்களும் லட்டு ஒட்டின கையோடு நிற்கிறார்கள். காதலர் தினத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது இதைச் செய்தால் ஒரு விவசாயிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். கத்தினேன். மஞ்சுளா ஓடிவந்து மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். சைத்ரா துளிகூடப் பயப்படாமல், "யாரும் சொல்லல தாத்தா. இதுங்க எதையுமே பாக்காம ஏரோப்ளேன்ல போவுதில்ல. இன்னிக்குக் கொடி ஏத்துனாங்களே, அதையாச்சும் பாத்துட்டுப் போவட்டும்" என்றாள். திரை தூக்கின பக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரிந்தது. எந்த வரிசையில் நின்றால் தெரியும் என்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டு, மஞ்சுளாவின் கையைத் தள்ளிவிட்டேன். வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் புகார் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், உன் கதையால் எனக்கு ஒரு வரிசை போச்சு என்றேன். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். வரிசையின் நடுவில் போய் நின்றாள். பெண்கள் எல்லாம் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப மாட்டட்டுமா என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். இவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, அப்புறம் பார்த்தால் இரண்டும்தான். வேண்டாம், இருக்கட்டும் என்று நானே சொன்னேன். ரோஜா போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வேண்டுமென்றே ஒரு வரிசையைத் திறந்துவிட்டது இதுதான் முதல் தடவை. வியாபாரமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் உன் அம்மா காத்திருந்த அந்த வருஷம் வீணில்லை என்று அவளுக்கு அங்கேதான் தெரிந்தது, அதை அவளுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை, உன் மாமாவால் முடியவில்லை, உன்னாலும் முடிந்திருக்காது. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, இதை நேரில் சொன்னால் ஏதோ பணம் கேட்கப்போகிறேன் என்று நினைப்பாள், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆகையால், கண்ணு, புத்தகம் வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளையும் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள், அவசரமில்லாமல் ஒவ்வொரு படத்தையும் பாருங்கள், அப்புறம் அவளுக்குப் போன் செய். விற்றதா, எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எதுவும் கேட்காதே, ஒரு படத்தைப் பற்றிப் பேசு போதும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் காபியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, கூழாவது காய்ச்சிக் குடி, மாவு அதற்குத்தான். மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா என்று அம்மா கேட்கிறாள், நானும் கேட்கிறேன். குலதெய்வம் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடக்கூடாது. அவள் நேற்றிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறாள். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். தக்காளியைப் பற்றி மட்டும் எழுதாதே, இரண்டு ஏக்கர் போட்டிருக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
வெங்கடப்பன்
(இப்போது ஊரில் பிள்ளைகள் கூப்பிடுவது: கதை டீச்சரூட்டுத் தாத்தா)